ஷிபானா மிஸ்ஸின்ரை நெட்

செய்தி வந்தபோது நான் வகுப்பில் நின்றேன். ஷிபானாவின் தம்பி அழைத்தார். "ராத்தா மவுத்தாகிட்டா சேர். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்றார். அவர்கள் வீட்டில் மூத்த சகோதரியை ராத்தா என்றுதான் சொல்வார்கள். மாணவர்களை அனுப்பிவிட்டு, அரியாலைக் கரையோரத்துச் சனசமூக நிலையத்தின் தலைவர் தவராசா அண்ணைக்கு அழைத்தேன். அவர்களுக்கு இந்தச் செய்தியை நான்தான் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன்.

"தெரியும் சேர். நாங்கள் வெளிக்கிட்டிட்டம். வான் பிடிச்சு வாறம்" என்றார் அவர்.

எனக்கு முன்பே அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் துக்கத்துக்குள்ளும் அது எனக்குச் சுட்டது. ஷிபானாவை அறிந்த உங்களில் பலர் என்னையும் அறிவீர்கள்; ஆகவே மறைத்து எழுதுவதில் பயனில்லை. நாங்கள் இருவரும் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்து வேலை செய்தோம். அந்த ஆண்டுகள் முழுவதும் எனக்கு அவர்மேல் பொறாமை இருந்தது. அவர் இறந்த அன்றும் இருந்தது. அதை விட்டுவிட்டு அஞ்சலி எழுதினால், அது வேறு யாரோ ஒருவருக்கு எழுதியதாகிவிடும்.

நான் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கணினி வலையமைப்புப் படிப்பிக்கிறேன். ஷிபானா அங்கே எனக்குப் பின் வந்து சேர்ந்தவர். யாழ்ப்பாண நகரத்தில் பிறந்து, தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது தாயின் இடுப்பில் இருந்தபடி போனவர். புத்தளத்தில் வளர்ந்து, கொழும்பில் பொறியியலாளராக நல்ல வேலையில் இருந்தார். அதை விட்டுவிட்டு, அரைச் சம்பளத்துக்கு இங்கே வந்தார். குடும்பத்தின் பழைய வீட்டுக்கு அப்போது கூரை இல்லை. அதனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். முதல் நாள் என் மேசைக்கு வந்து, "நீங்கள்தானே ரவுட்டருகளைக் கழட்டிப் பூட்டுற ஆள்? நானும் அந்த விசர் பிடிச்ச ஆள்தான்" என்றார். எனக்கு ஒரு துணை கிடைத்ததென்று சந்தோசப்படவேண்டிய இடம் அது. எனக்கு முதலில் தோன்றியதோ, இவர் என்னைவிட நன்றாகச் செய்துவிடுவாரோ என்பதுதான்.

பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டுப் பாடங்கள் எல்லாம் கைத்தொலைபேசிக்கு மாறிய காலத்தில் எங்கள் வேலை தொடங்கியது. அரியாலையின் கிழக்குக் கரையில், கடல்நீரேரியை ஒட்டிய குறுகிய ஒழுங்கைகளில் சிக்னல் கிடைக்காது. பிள்ளைகள் கொப்பிகளையும் தூக்கிக்கொண்டு பெரிய வீதிக்கு நடந்து வந்து, மதிலோரம் குந்தியிருந்து பாடம் கேட்டார்கள். அரியாலை என் அம்மாவின் ஊர். நான் வளர்ந்தது சண்டிலிப்பாயில் என்றாலும் அந்தக் கரையில் எனக்கு நிறையச் சொந்தம் உண்டு. ஒருநாள் அங்கே போய் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து, ஷிபானாவிடம் என் யோசனையைச் சொன்னேன். சனசமூக நிலையத்துக்கு ஒரு நல்ல இணைய இணைப்பு எடுக்கலாம். நிலையத்துக் கூரையில் ஒரு ரவுட்டர், பக்கத்து வீட்டில் ஒன்று, அதற்கடுத்த வீட்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டு போகலாம். ஒவ்வொன்றும் தன் அயலில் இருப்பதோடு பேசி, தகவலைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசி வீடுவரை கொண்டுபோகும். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியால் போகும்.

யோசனை என்னுடையது. இதை எழுதாமல் விட்டால் நன்றாயிருக்கும் என்று தெரிந்தும் விட முடியவில்லை.

கடையில் வாங்கும் ரவுட்டர் இந்த வேலையைச் செய்யாது. அதற்குள் கம்பனி ஏற்றி அனுப்பும் இயக்க மென்பொருளை, ஃபேம்வெயர் என்பதை, அழித்துவிட்டு, யாரும் திருத்தக்கூடிய திறந்த மென்பொருள் ஒன்றை ஏற்றவேண்டும். பிறகு ஒவ்வொரு பெட்டியும் ஒரே அலைவரிசையில், ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் தன் கூட்டத்தை அடையாளம் காணும்படி அமைக்கவேண்டும். ஒரு வரி பிழைத்தாலும் அந்தப் பெட்டி தனித்துப் போய்விடும். இந்த அமைப்புகளை எழுதியதில் பெரும்பகுதி நான்தான். பழைய ரவுட்டருகளில் இடம் மிகக் குறைவு. தேவையில்லாதவற்றை வெட்டி வெட்டி, அந்தச் சின்ன இடத்துக்குள் எல்லாம் அடங்கும்படி ஒரு ஃபேம்வெயர் கட்டினேன். அது முதன்முதலில் பிழையில்லாமல் ஏறியபோது ஷிபானா திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வடிவாயிருக்கு, குகன்" என்றார். பிறகு, "இது ஏன் இஞ்சை இரண்டு தரம் வருகுது?" என்று ஒரு வரியைக் காட்டினார். நான் அதை வாரக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தும் கண்ணில் படாத வரி.

ரவுட்டருகள் கூரைக்கு ஏறின. சில மாதங்களில் அந்த ஒழுங்கைகளில் பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்து படித்தார்கள். பெரியவர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசினார்கள். ஊர் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டது. "ஷிபானா மிஸ்ஸின்ரை நெட்." என் மாமி கூட அப்படித்தான் சொன்னார். "தம்பி, ஷிபானா மிஸ்ஸின்ரை நெட் காலமை தொடக்கம் இல்லை. அவவிட்டைச் சொல்லிவிடு." அதே மாமிதான் என்னைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவர்.

ஒரு கோளாறு மட்டும் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. பின்னேரம் ஆனதும் கரையோர வீடுகளுக்கு இணைப்பு அறுந்துபோகும். இருட்டியதும் தானாக வரும். நான் அலைவரிசையை மாற்றினேன். சிக்னலின் வலுவைக் கூட்டினேன், குறைத்தேன். வெயிலில் பெட்டி சூடாகிறதோ என்று மேலே ஓலை மறைப்புக் கட்டினேன். நடுவில் இருந்த இளையதம்பி ஐயா வீட்டு ரவுட்டர்தான் விழுகிறது என்று பதிவுகளில் தெரிந்தது. அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து ஃபேம்வெயரை மறுபடியும் கட்டத் தொடங்கினேன்.

ஷிபானா ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. "முதல் தேத்தண்ணி, பிறகுதான் பெட்டி" என்பார். குசினிக்குள் போய், இறால் உடைத்துக்கொண்டிருந்த மருமகளோடு குந்திவிட்டார். அங்கிருந்தே எனக்கு அழைத்தார்.

"குகன், ரவுட்டரிலை மினுங்கிற லைட்டுகளை நிப்பாட்டலாமோ?"

"ஓம். ரண்டு வரி போட்டால் காணும். ஏன்?"

"ஐயா விடியக்காலமை கடல்தொழிலுக்குப் போறவர். பின்னேரந்தான் நித்திரை. கட்டிலுக்கு நேரை அது கண்ணடிச்சுக்கொண்டிருக்காம். அதாலை பிளக்கைப் புடுங்கிப்போட்டுப் படுக்கிறார். உங்களுக்குச் சொன்னால் கோவிப்பீங்களாம் எண்டு சொல்லேல்லையாம்."

நான் என் மேசையில் இருந்தபடியே அந்த இரண்டு வரிகளையும் எழுதி அனுப்பினேன். விளக்குகள் அணைந்தன. அதன் பின் அந்த வீட்டில் யாரும் பிளக்கைத் தொடவில்லை. "லைட்டை நாங்கள் அணைச்சால், ஐயா பெட்டியை அணைக்கமாட்டார்" என்று ஷிபானா பிற்பாடு வகுப்புகளிலும் சொல்வார். மாணவர்கள் சிரித்துக்கொண்டு குறித்துக்கொள்வார்கள். வரிகளை எழுதியது நான். ஆனால் அந்த வீட்டில் நான் போய் நின்றபோது யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை, அவரிடம் சொன்னார்கள். இது எனக்கு நெடுநாள் ஆறவில்லை.

பத்திரிகையில் ஒருமுறை எங்களைப் பற்றி எழுதினார்கள். நிருபர் வந்தபோது ஷிபானா என் பெயரை மூன்று நான்கு தடவை சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "மூளை அவரின்ரை, வாய் என்ரை" என்று கூடச் சொன்னார். கட்டுரை வந்தபோது அவருடைய படம் மட்டும் இருந்தது. என் பெயர் இருந்த இடத்தில் "சக விரிவுரையாளர் ஒருவர்" என்று இருந்தது. ஷிபானா அந்தப் பத்திரிகைக்கு அழைத்துச் சண்டை பிடித்தார். திருத்தம் போடச் சொன்னார். அவர்கள் போடவில்லை. அவர் ஒரு இடத்திலாவது என்னை மறைத்திருந்தால், என்னைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால், எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். நேராகக் கோபித்திருக்கலாம். அவர் அதற்கு இடமே தரவில்லை.

சனசமூக நிலையத்தின் தட்டைக் கூரையில் நடந்த ஒரு பேச்சைச் சொல்லவேண்டும். நிலையத்து ரவுட்டருக்குப் புது ஃபேம்வெயர் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஏறி முடியும்வரை மின்சாரம் போகக்கூடாது. போனால் பெட்டி செத்துவிடும். எனவே இருவரும் தண்ணீர்த்தாங்கியின் நிழலில், ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே யாரோ "மிஸ், இறங்கேக்கை எங்கடை வீட்டையும் வந்திட்டுப் போங்கோ" என்று கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நான் பகிடிபோலச் சொன்னேன்.

"உங்களுக்கென்ன. எந்தப் படலையும் தானாத் திறக்குது."

ஷிபானா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தானாவோ?" என்றார்.

"பின்னை?"

"எனக்கு உங்களிலை எவ்வளவு எரிச்சல் எண்டு தெரியுமோ, குகன்? முதல் நாள் இந்த ஒழுங்கைக்கு வந்தம். ஆரின்ரை மகன் எண்டு கேட்டினம். நீங்கள் அம்மாவின்ரை பேரைச் சொன்னீங்கள். அவ்வளவுதான். கதிரை போட்டாச்சு. என்னைப் பாத்து என்ன கேட்டினம்?"

எனக்கு நினைவில்லை.

"எங்கையிருந்து வந்தனீங்கள் எண்டு கேட்டினம். நான் இஞ்சை பிறந்தனான். பெரியாஸ்பத்திரியிலை பிறந்தனான். அதைச் சொன்னால் ஒருத்தருக்கும் என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. நீங்கள் ஒரு பேரைச் சொல்லி உள்ளை போறீங்கள். நான் ஒவ்வொரு வீட்டிலையும் தேத்தண்ணி குடிச்சுக் குடிச்சுப் போறன். எனக்குத் தேத்தண்ணி பிடிக்காது."

"நாங்களும் தொண்ணூற்றைஞ்சிலை எல்லாத்தையும் விட்டிட்டு ஓடினனாங்கள், ஷிபானா."

"ஓம். ஓடினீங்கள். திரும்பி வரேக்கை, 'எங்கையிருந்து வந்தனீங்கள்' எண்டு ஒருத்தராவது கேட்டவையே?"

பெட்டி ஃபேம்வெயரை எழுதி முடித்து மீண்டும் இயங்கியது. அவர் எழுந்து மடிக்கணினியைப் பார்த்து, "சரி, வந்திட்டுது" என்றார். கீழே இறங்கி, கூப்பிட்ட வீட்டுக்குப் போனார். நான் அந்தக் கூரையில் இன்னும் சிறிது நேரம் இருந்தேன். இத்தனை காலமும் அவருக்கு இயல்பாக வருகிறது என்று நான் எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேனோ, அது அவர் வீடு வீடாக உழைத்துச் சேர்த்தது. எனக்கு அது பிறப்போடு கிடைத்திருந்தது. நான் அதைப் பாவிக்கவே இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பொறாமை குறைந்திருக்கவேண்டும். எனக்குக் கூடியது. அவருடைய எரிச்சலுக்கு நியாயம் இருந்தது. என்னுடையதற்கு அதுவும் இல்லை.

அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்த காலத்தில்தான் ரவுட்டர் மென்பொருளில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக உலகமெங்கும் பேசப்பட்டது. எங்கள் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் புதுப் பதிப்பு ஏற்றவேண்டும். புதியதும் பழையதும் ஒன்றோடொன்று பேசாது. எனவே கடைக்கோடி வீட்டில் தொடங்கி, நிலையத்தை நோக்கி வரவேண்டும். நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில் மாற்றினால், அதற்கப்பால் இருக்கும் வீடுகள் எல்லாம் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். இதை நிலையத்தில் ஒரு கதிரையில் இருந்தபடியே செய்யலாம். ஆனால் அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் யாரும் பிளக்கைப் பிடுங்கக்கூடாது. அதை ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லவேண்டும். அது எப்போதும் ஷிபானாவின் வேலை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

நான் போனேன். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி அவரைப் பற்றித்தான். "மிஸ் சாப்பிடுறாவே?" "தலைமயிர் கொட்டிப்போச்சாமே?" ஒரு வீட்டில் மீன் தீயல் கட்டித் தந்து, கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். வலையமைப்பில் புதிதாகச் சேர்ந்த கரையோர ஒழுங்கையில் ஒரு பெண் படலைக்குப் பின்னால் நின்று, "ஆர் நீங்கள்?" என்று கேட்டார். அம்மாவின் பெயரைச் சொன்னேன். அவர் முல்லைத்தீவில் இருந்து கலியாணம் முடித்து வந்தவர்; அவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. படலை அப்படியே இருந்தது. நான் சற்று யோசித்துவிட்டு, "ஷிபானா மிஸ்ஸோடை வேலை செய்யிறனான்" என்றேன். அவர் கொழுக்கியைக் கழற்றினார். "முதலே சொல்லுறதுக்கென்ன. வாங்கோ, இருங்கோ" என்றார். இருந்தேன். தேநீர் வந்தது. குடித்தேன்.

அடுத்த நாள் கடைக்கோடி வீட்டில் தொடங்கி, ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒரு பெட்டியும் சாகவில்லை. முடிவில் ஒரு வீடும் அறுந்துபோய் நிற்கவில்லை. நிலையத்துப் பெட்டி கடைசியாக ஏறியதும் ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். ஷிபானாவின் குரல் மெலிந்து போயிருந்தது.

"முடிஞ்சுதோ?"

"ஓம். எல்லாம் சரி."

"ஒரு வீட்டிலையும் பிழைக்கேல்லையோ?"

"இல்லை."

அவர் சொன்னார்: "ஒண்டாவது பிழைச்சிருக்கலாம், குகன். நான் இல்லாமல் இவ்வளவு வடிவா நடந்திருக்கத் தேவையில்லை."

இருவரும் சிரித்தோம். அவர் சிரித்து இருமி, தாதி வந்து தொலைபேசியை வாங்கும்வரை சிரித்தோம். எனக்கு அதுதான் அவரோடு நடந்த கடைசி நல்ல பேச்சு. அதன் பிறகு போய்ப் பார்த்தபோதெல்லாம் அவர் மயக்கத்தில் இருந்தார், அல்லது வேதனையில் இருந்தார்.

அடக்கத்தன்று மையவாடியில் இடம் போதவில்லை. அரியாலையில் இருந்து வந்தவர்கள் மதிலுக்கு வெளியிலும் நின்றார்கள். வேட்டி கட்டிய சைவக்காரர்கள், சிலுவைச் சங்கிலி போட்ட கடல்தொழிலாளர்கள், தொப்பி போட்ட அவருடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் கலந்து நின்றார்கள். இளையதம்பி ஐயா தன் நித்திரை நேரத்தில் எழுந்து வந்து, வெயிலில் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று நினைத்தேன். அந்த இடத்தில் அந்த நினைப்பு வந்தது. வந்ததை வந்தது என்று எழுதுகிறேன். பிறகு மண் போடும் முறை வந்தபோது அவருடைய தம்பி என்னையும் கையைப் பிடித்து முன்னுக்கு அழைத்தார். மூன்று பிடி போட்டேன். கண் தெரியவில்லை.

சென்ற வாரம் நகரத்துக்குள், அவருடைய குடும்பத்தின் பழைய வீடு இருக்கும் ஒழுங்கைக்குப் போனேன். திரும்பி வந்திருக்கும் குடும்பங்கள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. பாதி வீடுகள் இன்னும் தகரக் கூரைதான். அங்கும் இப்படி ஒரு வலையமைப்புப் போடவேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார். தோள்பையில் ரவுட்டருகளோடு நின்றேன். அந்த ஒழுங்கையில் எனக்கு யாரையும் தெரியாது. என் அம்மாவின் பெயருக்கு அங்கே வேலை இல்லை. ஒரு முதியவர் வாசலுக்கு வந்தார். இரண்டு கதவு தள்ளி இருந்த தையல் கடையில் இருந்து ஒரு பெண்ணும் எட்டிப் பார்த்தார். எங்கிருந்து வந்தனீங்கள் என்று கேட்கப்போகிறார் என்று நான் பதிலைத் தயாராக்கிக்கொண்டேன்.

"குகன் சேர்தானே?" என்றார் முதியவர்.

"ஓம். என்னெண்டு தெரியும்?"

"ஷிபானா சொல்லியிருக்கு. உயரமா, முகத்தை உம்மெண்டு வைச்சுக்கொண்டு ஒரு சேர் வருவார், அவரை வெளியிலை நிக்க விடாதையுங்கோ எண்டு. இந்த வேலையிலை அவரை அடிக்க ஆள் இல்லையாம். அவரைப்போல எனக்கு வராது எண்டு எத்தினை தரம் சொல்லியிருக்கு."

தையல் கடைப் பெண்ணும், "எங்களிட்டையும் சொன்னவ" என்றார்.

அந்த விசயத்திலும் ஷிபானா என்னை முந்திக்கொண்டார். நான் ஒருநாளும் கால் வைக்காத ஒழுங்கையில், எனக்கு முன்பே போய், வீடு வீடாக எனக்கு ஒரு பெயர் வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பதிலாக நான் இனி எதையும் செய்ய வழியில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது என்ன என்று கேட்டால், இந்தப் பொறாமைதான். அது என்னை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கூட்டிக்கொண்டு போகிறது. அவர் எப்படிக் கேட்டிருப்பார், என்ன கவனித்திருப்பார் என்று பார்க்கவைக்கிறது. அதை ஆற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை. அன்று அந்த முதியவர் வீட்டுக் கூரையில் முதல் ரவுட்டரைப் பூட்டினேன். இறங்கி வந்தபோது ஒழுங்கை முழுவதும் கதவுகளில் ஆட்கள் நின்றார்கள். அடுத்த வீட்டுப் பெண் தன் பிள்ளையிடம் சொல்வது கேட்டது: "ஷிபானா மிஸ்ஸின்ரை நெட் வருகுது."

"ஓம், வருகுது" என்றேன். அடுத்த கூரைக்கு ஏணியைச் சாய்த்தேன்.